கொறிக்க ஒரு வெல்லக் காரச் சோயா

திருத்தணி மளிகைக் கடைகளில் “சோயா கொடுங்க” என்று மொட்டையாகக் கேட்டால் மீல் மேக்கர் பாக்கெட்தான் கைக்கு வரும். குருமாவுக்கும் பிரியாணிக்கும் ஊரே வாங்குவது அதைத்தான். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது அது அல்ல. “அண்ணே, முழுக்கொட்டை வேணும். மஞ்சளா, உருண்டையா இருக்குமே, சத்துமாவுக்குப் போடுறது” என்று விளக்கினால், “அதுவாம்மா? இரு, உள்ள இருக்கு” என்று ஒரு பதில் வரும். ம.பொ.சி. சாலைப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினால் கிடைத்துவிடும். சத்துமாவு அரைக்கிற வீடுகள் இருக்கிறவரை இந்தக் கொட்டைக்கு ஊரில் தட்டுப்பாடு வராது.

வாங்கும்போது கையில் அள்ளிப் பாருங்கள். தோல் சுருங்காமல், வழவழப்பாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். உடைந்த பருப்பு அதிகம் கலந்திருந்தால் அந்த மூட்டை வேண்டாம். முகர்ந்து பார்த்துப் பழைய எண்ணெய் வாடை அடித்தாலும் வேண்டாம். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகும் பயிர் இது. ஆகவே வருஷக் கடைசியிலும் தை, மாசியிலும் வாங்குவது புதுச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். ரொம்பப் பழைய கொட்டை எவ்வளவு ஊறினாலும் சில மணிகள் கல்லாகவே நிற்கும். அப்படி ஒன்று பல்லில் மாட்டினால் செய்தவரின் பெயர் கெட்டுப்போகும். இன்னொன்று: விதைக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று விதைப்புக்கு வைத்திருப்பதை வாங்கிவிடாதீர்கள். அதில் பூஞ்சைக்கொல்லி மருந்து தடவியிருப்பார்கள்.

இந்தத் தின்பண்டத்துக்குத் திருத்தணிக்கென்று பழைய வரலாறு எதுவும் கிடையாது. மலைமேல் முருகனுக்குத் தேனும் தினைமாவும்தான் சம்பிரதாயம். சோயா நேற்று வந்தது. ஆனால் வெல்லத்தையும் மிளகாயையும் ஒரே வாயில் போடுகிற பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதே அல்ல. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோடு மாறியது, அடுப்படி மாறவில்லை. தெலுங்கு பேசும் வீடுகளில் உகாதி அன்று வேப்பம்பூ, வெல்லம், புளி, மாங்காய், மிளகாய், உப்பு என்று எல்லாச் சுவையும் ஒரே கிண்ணத்தில் பச்சடியாக வரும். வெல்லம் போட்ட ஆவக்காய் என்று ஓர் ஊறுகாய் உண்டு. முதல் வாய்க்கு இனிக்கும், மூன்றாவது வாய்க்குக் காது சிவக்கும். வெல்லத்துக்குப் பெயர்போன சித்தூர் ஒரு பக்கம் கூப்பிடு தூரம். குண்டூர் மிளகாய் மூட்டை வருவதும் ஆந்திரத்திலிருந்துதான். இந்தப் பக்கத்தில் கடலை உருண்டைக்குப் பாகு வைக்கத் தெரியாத பாட்டி இல்லை. இந்த இரண்டு கைப்பழக்கமும் சேர்ந்தால் கீழே சொல்லும் பண்டம் பிறக்கும்.

ஏன் கை நிற்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு செய்தால் அளவுகளும் தானாகப் புரியும். வெல்லம் எச்சில் பட்டதும் கரைந்து ஓடிவிடும். மிளகாயின் எரிப்புச் சத்து தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். ஆகவே அது நாக்கை விட்டுப் போக நேரம் எடுக்கும். இனிப்பு போனபின் எரிச்சல் மட்டும் மிஞ்சி நிற்கும். எரிச்சலை அடக்க இனிப்பு வேண்டும் என்று நாக்கு கேட்கும், கை டப்பாவுக்குப் போகும். அடுத்த மணி வாயில் விழுந்ததும் ஒரு நிமிஷம் ஆறுதல், பிறகு மறுபடி எரிச்சல். இதற்கு உப்பும் மொறுமொறுப்பும் துணை. இந்தச் சுழலில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் பண்டம் ‘பரவாயில்லை’ ரகத்துக்கு இறங்கிவிடும். காரத்தைப் பயந்து பயந்து போட்டால் அது வெறும் சோயா மிட்டாய். வெல்லத்தைக் குறைத்தால் மிக்சரில் பொறுக்கி ஒதுக்குகிற கொட்டை.

எல்லாவற்றிலும் பெரியது மொறுமொறுப்பு. பலர் அது பாகில் வருகிறது என்று நினைக்கிறார்கள். வருவது தண்ணீரில். ஊறும் தண்ணீர், வேகும் தண்ணீர், உலர்ந்து வெளியேறும் தண்ணீர் இந்த மூன்றையும் ஒழுங்காகக் கவனித்தவருக்குப் பாகு பாதி வேலைதான்.

கொட்டையின் குணம்

சோயா மற்றப் பயறு போல அல்ல. நூறு கிராமில் ஏறத்தாழ 36 முதல் 40 கிராம் புரதம், 18 முதல் 20 கிராம் எண்ணெய். நிலக்கடலையை விட எண்ணெய் குறைவு, கொண்டைக்கடலையை விட மிக அதிகம். அதனால்தான் வறுத்தால் நெய் வாசனையோடு நொறுங்குகிறது. கூடவே மூன்று தொல்லைகளும் வருகின்றன.

முதல் தொல்லை பச்சை வாடை. கொட்டைக்குள் இருக்கும் ஒரு நொதி, மணி உடைந்து தண்ணீர் பட்டவுடன் எண்ணெயைத் தாக்கி அந்தப் புல்வாடையைக் கிளப்பும். கொதிக்கும் நீரில் விழுந்தால் நொதி செத்துப்போகும். உடைந்த பருப்பு வேண்டாம் என்று சொன்னதற்கும், குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெதுவாகக் காய்ச்சக் கூடாது என்று இனிச் சொல்லப்போவதற்கும் காரணம் இதுதான். இரண்டாவது, பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. ஈர வெப்பத்தில் நன்றாக வெந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஊறவைத்ததைப் பச்சையாகவே முளைகட்டிய பயறு போல அள்ளித் தின்பது ஆகாது. மூன்றாவது வாயு. குடலில் செரிக்காமல் புளிக்கிற சில சர்க்கரைகள்தான் அதைக் கிளப்புகின்றன. அவை தண்ணீரில் கரையும் என்பதால், ஊறிய தண்ணீரையும் வெந்த தண்ணீரையும் தயங்காமல் கொட்டிவிடுங்கள். சத்து போகிறதே என்று அந்தத் தண்ணீரை ரசத்துக்கு எடுத்து வைக்கும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

நாட்டில் இந்தக் கொட்டையைப் பிரபலப்படுத்தப் பெரிய ஆட்களே முயன்றிருக்கிறார்கள். 1935இல் காந்தி வார்தாவின் மகன்வாடியில் சோயாவைச் சமைத்துப் பார்க்கச் செய்து ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். குமாவோன் மலைக்காரர்கள் கறுப்புச் சோயாவைத் தலைமுறைகளாகத் தின்கிறார்கள். ஜப்பானில் பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் செட்சுபுன் நாளில் வறுத்த சோயாவை வாசலில் வீசிப் பீடையை விரட்டிவிட்டு, வயசுக்கு ஒன்று என்று எண்ணித் தின்பார்கள். அறுபதைத் தாண்டியவருக்குப் பல் பலமாக இருக்க வேண்டும். நம் சோயா அந்த அளவுக்குக் கடினமாக இருக்காது.

ஊறல், வேகல், உலரல்

கால் கிலோ கொட்டைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இரவு படுக்கும்போது ஊறப்போட்டால் காலையில் சரியாக இருக்கும். எட்டு மணி நேரம் போதும். சித்திரை, வைகாசியில் இவ்வளவு நேரம் வைத்தால் தண்ணீர் நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். அந்த மாதங்களில் நடுவில் ஒரு தரம் தண்ணீரை மாற்றுங்கள், இல்லை குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். உருண்டையாக இருந்தது நீண்டு மொச்சை வடிவத்துக்கு வரும், எடை இரண்டு மடங்குக்கும் சற்று மேலே போகும். ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள்: உள்ளே நடுவில் குழிவு இல்லாமல் இரண்டு பாதியும் தட்டையாக இருந்தால் ஊறிவிட்டது. குழிவு தெரிந்தால் இன்னும் ஒரு மணி நேரம்.

பெரிய பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, வடித்த கொட்டையை அதில் கொட்டுங்கள். பாத்திரம் பெரியதாக இருக்கட்டும், சோயா நுரை பால் பொங்குவதை விட வேகமாகப் பொங்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். மறுபடி கொதி வந்ததிலிருந்து பதினைந்து நிமிஷம். குக்கர் வேண்டவே வேண்டாம்; ஒரு விசில் கூடிப்போனால் சுண்டலாகிவிடும், அதை வறுத்தால் மாவாக உதிரும். கடித்தால் பச்சை வாடை போயிருக்க வேண்டும், பல்லுக்கு ஒரு எதிர்ப்பும் இருக்க வேண்டும். அவித்த நிலக்கடலைக்கு ஒரு படி முந்திய பதம். மிதக்கும் தோலை அரிகரண்டியால் எடுத்துவிடுங்கள். எல்லாத் தோலையும் உரித்தே ஆக வேண்டும் என்று உட்கார வேண்டாம், ஒட்டியிருக்கிற தோல் வறுபடும்போது மொறுமொறுப்புக்கு உதவும்.

இனி வெயில். மே மாதம் செய்தியில் வாசிக்கும் வெப்பப் பட்டியலில் வேலூரோடு சேர்ந்து திருத்தணியின் பெயரும் வந்துகொண்டே இருக்கும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் இங்கே யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. ஊருக்கு அவஸ்தை, உலர்த்துகிறவருக்கு வரம். மொட்டை மாடியில் வெள்ளை வேட்டித் துணியை விரித்து, வடித்த கொட்டையை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். கோடையில் இரண்டு மணி நேரம், ஆடிக் காற்றில் மூன்று மணி நேரம். குரங்கு வரும் தெருவென்றால் மேலே கொசுவலைத் துணி போதாது, காவலுக்கு ஆள் வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விட்டால் உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. உள்ளே ஈரம் இருக்கும், இருக்கலாம். மேல்தோல் காய்ந்திருக்க வேண்டும்.

மழை மூடிய நாளில் மின்விசிறிக்கு அடியில் பரப்பலாம், நேரம் இரண்டு மடங்கு ஆகும். எப்படியானாலும் வெந்த சோயாவை இரவெல்லாம் வெளியில் மூடி வைத்துவிடாதீர்கள். மறுநாள் காலையில் நூல் நூலாகப் பிசுபிசுத்து, அம்மோனியா வாடையடிக்கும். அதையே பக்குவமாகப் புளிக்கவைத்து ஜப்பானியர் நட்டோ என்றும், மணிப்பூர்க்காரர் ஹவாய்ஜார் என்றும், நாகாலாந்துக்காரர் அகுனி என்றும் ருசித்துச் சாப்பிடுகிறார்கள். நமக்கு வேண்டிய பண்டம் வேறு. அன்றைக்கு வறுக்க முடியாவிட்டால் குளிர்பெட்டிக்குள் வையுங்கள்.

வறுப்பது

மணலில் வறுத்த கடலையின் ருசி எண்ணெயில் பொரித்ததற்கு வராது என்பது என் கட்சி. ஆனால் மணலைத் தேடி நந்தியாற்றுப் பக்கம் போக வேண்டாம், கல்லுப்பு போதும். கனமான இரும்பு வாணலியில் ஒரு கிலோ கல்லுப்பைப் போட்டுப் பத்து நிமிஷம் நன்றாகச் சூடேற்றுங்கள். உப்பு படபடவென்று வெடித்து ஓய்ந்ததும் தீயை நடுத்தரமாக்கி, கொட்டையை மூன்று பங்காகப் பிரித்து ஒரு பங்கைப் போட்டுக் கிளறுங்கள். நிறுத்தாமல் கிளற வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் ஆவிதான் கிளம்பும், எதுவும் நடக்காதது போல இருக்கும். பிறகு தோல் வெடிக்கும் சத்தம் கேட்கும், வாசனை மாறும். வேகவைத்த பருப்பு வாசனை போய் வறுகடலை வாசனை வரும். பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிஷத்தில் வெளிர்ப் பொன்னிறம். கம்பிச் சல்லடையில் கொட்டிச் சலித்தால் உப்பு கீழே இறங்கிவிடும். அந்த உப்பை ஒரு டப்பாவில் போட்டு, ‘வறுக்க’ என்று எழுதி வையுங்கள், பல தடவைக்கு ஆகும். ஈரக் கொட்டையைப் போட்டிருந்தால் உப்பு சோயாவோடு ஒட்டிக்கொண்டு வராது என்று அடம்பிடிக்கும். மாடியில் காயவைத்த அந்த இரண்டு மணி நேரம் எதற்கு என்று அப்போது தெரியும்.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சூட்டில் எல்லாக் கொட்டையும் மெத்தென்றுதான் இருக்கும். நான்கை எடுத்துத் தட்டில் ஆறவிட்டுக் கடியுங்கள். ‘கடக்’கென்று இரண்டாக உடைந்து, நடுவிலும் வெளிறிய பொன்னிறம் இருந்தால் முடிந்தது. நசுங்கினால், நடுவில் வெளுப்பாக மாவு போல இருந்தால், இன்னும் சில நிமிஷம் இளந்தீயில். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். மறுநாள் அந்த ஈரம் வெளியே வந்து மொத்த டப்பாவையும் பதத்துப்போகச் செய்யும்.

மின் அடுப்பு உள்ளவர்கள் 160 டிகிரியில் நாற்பது நிமிஷம் வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கலைத்துவிடலாம். எண்ணெய்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரே அடையாளம்: கொட்டையைச் சுற்றி எழும் குமிழ்கள் ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். குமிழ் என்பது வெளியேறுகிற தண்ணீர். அது நிற்கும் முன் எடுத்தால் மொறுமொறுப்பு ஒரு நாளைக்குத்தான்.

பாகு

கால் கிலோ கொட்டை வறுபட்டு வரும்போது அதே எடைக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அதற்கு நூறு கிராம் வெல்லம். கூடுதலாகப் போட்டால் பூச்சு தடித்து, கொட்டை பாகில் புதைந்துபோகும். கடலை உருண்டைக்கு எந்த வெல்லம் என்று கடையில் கேட்டு அதை வாங்குங்கள். பாகு வெல்லம் என்று தனியாகவே எடுத்துத் தருவார்கள். பளீர் மஞ்சளை விடக் கொஞ்சம் மங்கின நிறமே எனக்கு நம்பிக்கை. பழசாகி, மேலே கசிந்து, கையில் ஒட்டுகிற வெல்லம் பாயசத்துக்கு நல்லது, இதற்கு ஆகாது. அதில் சர்க்கரை உடைந்து மாறியிருக்கும். எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாது, இறுகினாலும் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும்.

பாகு ஏறுவதற்கு முன் காரப் பொடியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நேரம் இருக்காது. குண்டூர் மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, சுக்குப்பொடி அரை, ஆம்சூர் என்று விற்கும் மாங்காய்ப்பொடி அரை, பொடி உப்பு அரை, கட்டைவிரல் நுனியளவு பெருங்காயத்தூள். உப்பில் வறுத்தவர்கள் பொடி உப்பைப் பாதியாக்கலாம். அடுப்பை அணைத்த சூடான வாணலியில் இந்தப் பொடிகளை ஒரு நிமிஷம் புரட்டினால் ஈரம் போய்விடும். சுக்கு முக்கியம், மிளகாயின் காரம் நாக்கில், சுக்கின் காரம் தொண்டையில், இரண்டும் வேறுவேறு நேரத்தில் வரும். புளிப்புக்குப் புளித் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ பாகில் விட ஆசை வரும். விடாதீர்கள். புளிப்பு கொதிக்கும் பாகில் போனால் மேலே சொன்ன பழைய வெல்லத்தின் கதைதான் நடக்கும். புளிப்பு பொடியாக, கடைசியில் மட்டும். பூண்டும் வெங்காயமும் இதில் இல்லை என்பதால் கிருத்திகை விரதக்காரர்களும் சங்கடமில்லாமல் கொறிக்கலாம்.

அடி கனத்த வாணலியில் பொடித்த வெல்லமும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரும். கரைந்ததும் வடிகட்டுங்கள், எவ்வளவு நல்ல வெல்லத்திலும் மண் இருக்கும், அது பல்லில் தெரியும். மறுபடி அடுப்பில் ஏற்றி ஒரு தேக்கரண்டி நெய் விட்டு நடுத்தரத் தீயில் கொதிக்கவிடுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழ், தண்ணீர் வற்ற வற்றச் சிறு குமிழாகி நுரை கெட்டிப்படும், நிறம் ஒரு படி இருளும். இங்கிருந்து அடுப்பை விட்டு நகரக் கூடாது. சின்னக் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விடுங்கள். உருட்ட வந்தால் அது அதிரசப் பாகு, போதாது. இழுத்தால் மிட்டாய் போல நீண்டால் இன்னும் கொஞ்சம். எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் வந்து, கடித்தால் பல்லில் ஒட்டாமல் உடைந்தால் அதுதான் பதம். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 140 டிகிரியைச் சற்றுத் தாண்டிய இடம். 150ஐத் தாண்டினால் கசக்கும். டங்கென்ற சத்தத்துக்கும் கசப்புக்கும் நடுவில் சில நொடிகள்தான்.

அணைத்தவுடன் ஒரு சிட்டிகை சமையல் சோடா. பாகு குபுக்கென்று வெளுத்து எழும்பும். உள்ளே காற்று புகுந்து, பூச்சு கண்ணாடி போல இறுகாமல் பொரபொரப்பாக வரும். உடனே காரப்பொடியில் பாதி. கொதிக்கிற பாகில், அடுப்பு எரியும்போது, மிளகாய்த்தூளைப் போட்டால் நிறம் கருத்து, வீடே இருமும், அதனால்தான் அணைத்தபின். பொடி கலந்ததும் வறுத்த கொட்டையைக் கொட்டுங்கள். கொட்டை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஆறிக் குளிர்ந்ததைப் போட்டால் பாகு ஒரே பக்கம் கட்டிக்கொண்டு நின்றுவிடும். கூடவே வறுத்த வெள்ளை எள் ஒரு மேசைக்கரண்டி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துக் கையால் நொறுக்கிய கறிவேப்பிலை ஒரு பிடி. இரண்டு கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள்.

நெய் தடவிய பெரிய தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பி, மீதிப் பொடியை மேலே தூவுங்கள். உள்ளே பாதி, வெளியே பாதி என்று பிரித்தது இதற்காகத்தான். வெளிப்பொடி வாயில் வைத்ததும் சுள்ளென்று எழுப்பும். உள்பொடி இனிப்பு கரைந்தபின் பின்னால் வரும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு பிரித்துவிடுங்கள். எல்லாவற்றையும் தனித்தனி மணியாக்க வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு மூன்று ஒட்டிக் கிடந்தால் அதற்குத்தான் வீட்டில் சண்டை வரும்.

முற்றிலும் ஆறிய பிறகு ருசி பாருங்கள். சூட்டில் காரம் கூடுதலாகவும் உப்பு குறைவாகவும் தோன்றும், அப்போது எதையும் திருத்தப் போகாதீர்கள். பல்லில் ஒட்டினால் பாகு பதம் முந்திவிட்டது என்று அர்த்தம். தட்டோடு 110 டிகிரி மின் அடுப்பில் பத்து நிமிஷம் வைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் சரியாகும். கசந்தால் வழியில்லை. பூச்சு உதிர்ந்து பொடியாகக் கீழே கிடந்தால் பாகைத் தேவைக்கு மேல் கிளறிச் சர்க்கரையாக்கிவிட்டீர்கள். ருசி கெடாது, அதைச் சூடான சாதத்தில் நெய்யோடு போட்டுப் பிசைந்து தின்பவர்கள் இருக்கிறார்கள்.

மீல் மேக்கரில் இதையே செய்யலாமா என்று கேட்பார்கள். அது எண்ணெய் எடுத்த சோயா மாவை இயந்திரத்தில் அழுத்திப் பொரபொரப்பாக்கியது. சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அரிசிமாவில் புரட்டிப் பொரித்து, இதே பாகில் போட்டால் மாலைச் சிற்றுண்டிக்கு அருமை. ஆனால் அன்றே தீர்க்க வேண்டியது, டப்பாவில் நிற்காது.

யாருக்குக் கொடுக்கக் கூடாது

சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு மணிகூட வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு முழுக்கொட்டை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும், இடித்துக் கொடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம், மருந்து உடலில் சேர்வதைச் சோயா குறைக்கும். எவ்வளவு இடைவெளி என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்களும் கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது. ‘வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே’ என்று நீரிழிவுக்காரர் யாராவது சமாதானம் சொன்னால் டப்பாவை எடுத்து ஒளித்து வையுங்கள். இரண்டும் ரத்தத்தில் ஒன்றுதான். மற்றவர்கள் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடியோடு நிறுத்தலாம், நிறுத்த முடிந்தால்.

வைப்பதும் விற்பதும்

இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் இரண்டு மூன்று வாரம் மொறுமொறுப்பு குறையாது. அதற்கு மேல் கொட்டையின் எண்ணெய் சிக்குவாடை அடிக்கத் தொடங்கும். ஒரு பெரிய டப்பாவைத் திறந்து திறந்து மூடுவதை விட நாலு சின்ன டப்பா நல்லது. கையும் கொஞ்சம் அடங்கும்.

குழுவாகச் சேர்ந்து செய்து பக்தர்களுக்கு விற்கலாம் என்று நினைப்பவர்கள் நாட்காட்டியைப் பார்த்துத் தொடங்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் திரண்டு வரும்; அந்த மாதத்துக் காற்று உலர்த்துவதற்கும் தோதானது. காரத்தைக் கூட்டி ஒரு ரகம், சாதாரணமாக ஒரு ரகம் என்று இரண்டாகச் செய்துவையுங்கள். நகரி, புத்தூர்க்காரர்களுக்கு மேலே சொன்ன அளவு காரமே இல்லை என்றுதான் தோன்றும். டிசம்பர் 31 இரவு திருப்புகழ் பாடிக்கொண்டு 365 படிக்கும் பூஜை செய்தபடி ஏறும் திருப்படித் திருவிழாவுக்கும் கூட்டம் குறைவில்லை. ஆனால் அது மார்கழிப் பனி. பொட்டலத்தை ஒரு தரம் திறந்தால் அரைமணி நேரத்தில் பூச்சு கையில் ஒட்டும். அந்தக் காலத்துக்கு ஐம்பது கிராம் பொட்டலம்தான் சரி, திறந்தவர் தின்று முடித்துவிடுவார்.

விற்பது என்று வந்துவிட்டால் வீட்டு அடுப்பானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். பொட்டலத்தின் மேல் செய்த தேதி, எடை, சேர்மானங்களோடு ‘சோயா உள்ளது’ என்பது தெளிவாக இருக்கட்டும். ஒவ்வாமைப் பொருள் என்பதால் அதைச் சொல்வது சட்டமும்கூட. செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள்; அச்சு மை நெய்யில் ஊறி வரும். பிளாஸ்டிக் கைப்பை 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை. கோயில் ஊரில் அதிகாரிகள் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். விலை போடும்போது கொட்டை, வெல்லம், மிளகாய், எரிவாயு என்று கணக்குப் போடுபவர்கள் காயவைத்த நேரத்தையும் குரங்கு விரட்டிய ஆளின் கூலியையும் விட்டுவிடுகிறார்கள். அதையும் சேருங்கள்.

பாகு வைக்கலாம் என்று இருக்கும்போது வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டால் அன்றைக்குப் பாகு வேண்டாம். வறுத்த கொட்டையை மட்டும் ஆறவிட்டு டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். அது ஒரு வாரம் காத்திருக்கும். வெயில் அடித்த நாளில் எடுத்து, வெறும் வாணலியில் வெதுவெதுப்பாகும்வரை புரட்டிக்கொண்டு, பிறகு வெல்லத்தை அடுப்பில் ஏற்றலாம்.